க்ஷயமும் குழந்தையின் மூளையும்

க்ஷயரோகம் என்றவுடன் ஓயாத இருமலும், சளியில் கலந்த இரத்தமும், எலும்பும் தோலுமான தேகமுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. அது பெரியவர்களின் வியாதி, நெஞ்சைப் பற்றிய வியாதி என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் க்ஷயக் கிருமிக்கு நெஞ்சு ஒரு வாயில் மட்டுமே. எலும்பு, முதுகுத்தண்டு, குடல், கழுத்துக் கழலைகள் என்று தேகத்தில் அது புகாத இடம் இல்லை. அவ்வாறு பரவுங்கால் அது இழைக்கும் கொடுமைகள் அனைத்திலும் கொடியது, இளங் குழந்தைகளின் மூளையைச் சூழ்ந்திருக்கும் சவ்வைப் பற்றிக்கொள்வதாகும். மூளைச்சவ்வு க்ஷயம் என்று வைத்தியர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். ராஜீய விஷயங்களை விவாதிக்கும் பக்கத்தில் இந்த வியாதிக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுமையுடன் இதை வாசிக்கும்படி வேண்டுகிறோம்.

இது இடிபோல் வந்து விழும் வியாதியன்று. திருடனைப்போல் ஓசையின்றி வருவது. இரண்டு அல்லது மூன்று வயதுக் குழந்தை. நேற்றுவரை முற்றத்தில் ஓடி விளையாடியது. இன்று தாயின் மடியைவிட்டு இறங்க மறுக்கிறது. மாலையில் உடம்பு சற்றே சுடுகிறது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காரணமின்றி அழுகிறது, தூக்கத்தில் திடுக்கிட்டு விழிக்கிறது, இரண்டு நாளைக்கு ஒருமுறை உண்டதைக் கக்குகிறது. பல் முளைக்கிறது என்கிறார் பாட்டி. வயிற்றில் பூச்சியிருக்கும் என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். திருஷ்டி கழித்து, வேப்பிலை அடித்து, மருந்துக் கடையில் ஜுரத்துக்கு ஒரு சீசா மருந்தும் வாங்கிக் கொடுத்தாகிறது. ஜுரம் இரண்டு நாள் தணிகிறது, மறுபடியும் வருகிறது. இப்படியே ஒரு வாரம் கழிகிறது. இரண்டு வாரமும் கழிகிறது. பிறகு ஒருநாள் குழந்தையின் கண் ஒன்று மூக்குப்பக்கம் ஒருக்களித்து நிற்பதைத் தாய் காண்கிறாள். அல்லது கழுத்து விறைத்துப் போகிறது. அல்லது கைகால் வெட்டி வலிப்பு வருகிறது. அப்போதுதான் வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

தாயைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. இந்த ஆரம்பக் குறிகளைக் கண்டு தேர்ந்த வைத்தியர்களே ஏமாந்திருக்கின்றனர். குழந்தைகளுக்கு வரும் நூறு சில்லறை ஜுரங்களில் தொண்ணூற்றொன்பது தாமாகவே நீங்குபவை. நூறாவது இதுவென்று முதல் நாளில் எவரால் சொல்ல முடியும்? ஆயினும் ஒரு குறிப்பு உண்டு. சாதாரண ஜுரம் ஐந்தாறு நாளில் ஒரு வழிக்கு வந்துவிடும். இதுவோ விட்டு விட்டு நீடிக்கும். நாளுக்கு நாள் குழந்தை மந்தமாகிக்கொண்டே போகும். எடை ஏறாது, அல்லது குறையும். இவற்றோடு வீட்டில் எவரேனும் இருமிக்கொண்டிருந்தால் ஐயத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கிருமி மூளைக்குச் சென்று சேரும் வழி கவனிக்கத்தக்கது. பெரியவர் ஒருவர் இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியைக் குழந்தை சுவாசிக்கிறது. நுரையீரலில் ஒரு சிறு புண்ணும், அதன் அருகேயுள்ள கழலையில் வீக்கமும் உண்டாகின்றன. வளர்ந்தவரின் தேகம் பெரும்பாலும் அங்கேயே அதைச் சுவர் வைத்து அடைத்துவிடும். சிசுவின் தேகத்துக்கு அந்த வல்லமை இன்னும் வரவில்லை. ஆகவே கிருமிகள் இரத்தத்தில் கலந்து எங்கும் செல்கின்றன; சில மூளையில் தங்கிச் சிறு சிறு முடிச்சுகளாக உறங்குகின்றன. சில மாதங்களுக்குள், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள்ளாகவே, அவற்றில் ஒன்று உடைந்து மூளையைச் சுற்றியுள்ள நீரில் கிருமியைக் கொட்டுகிறது. ரிச், மக்கார்டக் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1933-ம் வருஷத்தில் இதை நிரூபித்துக் காட்டினார்கள். அதுமுதல் அம்முடிச்சுக்கு ரிச் என்பாரின் பெயரே வழங்கிவருகிறது.

பின்னர் மூளையின் அடிப்பாகத்தில் பசைபோன்ற கெட்டியான சீழ் படிகிறது. அனர்த்தம் முழுவதும் இந்தப் பசையினால்தான் விளைகிறது. மூளையினுள் ஊறும் நீர் வெளியேறும் வாய்க்கால்களை இது அடைத்துவிடுகிறது. நீர் தேங்கி உள்ளேயிருந்து மூளையை நெருக்குகிறது. கண்ணுக்கும் முகத்துக்கும் செல்லும் நரம்புகள் இதில் சிக்கிக்கொள்கின்றன. அதனால் மாறுகண்ணும், சிலருக்குப் பார்வையிழப்பும் ஏற்படுகின்றன. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களும் இதன் வழியாகவே செல்ல வேண்டியிருக்கிறது. அவை வீங்கி அடைபட்டால், மூன்று வயதுக் குழந்தைக்கு அறுபது வயதுக் கிழவருக்கு வருவதுபோன்ற பக்கவாதம் வருகிறது. கிருமியைக் கொல்ல மருந்து உண்டு. மாண்டுபோன மூளைப் பகுதியை உயிர்ப்பிக்க மருந்து கிடையாது. இவ்வியாதியில் நாட்களை எண்ணவேண்டிய அவசியம் இதனால்தான் ஏற்படுகிறது.

எடின்பரோ நகரத்து வைத்தியர் ராபர்ட் விட் என்பார் இந்த வியாதியைப் பற்றி எழுதிய நூல், அவர் காலமான பிறகு 1768-ல் வெளிவந்தது. மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் என்று அவர் அதைக் கருதினார். குழந்தையின் நாடியைக் கொண்டு அதன் போக்கை மூன்று கட்டங்களாகப் பிரித்திருந்தார். க்ஷயக் கிருமி என்று ஒன்று இருப்பதையே அவர் அறியார்; 1882-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் அதை உலகுக்கு அறிவிக்கும் வரை எவரும் அறியார். ஆனால் மூன்று கட்டம் என்ற பிரிவினை இன்றும் வேறு வடிவில் நிலைத்திருக்கிறது. குழந்தை தன்னினைவோடு இருந்து, ஜுரமும் சிணுங்கலும் மட்டும் காணப்படுவது முதற் கட்டம். மயக்கம் கவிந்து, கழுத்து விறைத்து, நரம்புக் கோளாறுகள் தோன்றுவது இரண்டாவது. நினைவு முற்றும் தப்பிவிடுவது மூன்றாவது.

1944-ம் வருஷத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படும் வரை இந்த வியாதி வந்த குழந்தை பிழைத்தது என்ற பேச்சே இல்லை. 1948-ல் இங்கிலாந்தின் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், அம்மருந்தினால் சில குழந்தைகள் உயிர் தப்பிய செய்தியை வெளியிட்டபோது வைத்திய உலகம் பிரமித்தது. அக்காலத்தில் மாதக்கணக்கில் ஊசி குத்த வேண்டும். முதுகுத்தண்டிலும் குத்த வேண்டும். பிழைத்தவர்களிற் சிலர் அம்மருந்தின் தோஷத்தினாலேயே செவிடராயினர். 1952-ல் ஐசோநியஸைட் வந்தது. பின்னர் ரிபாம்பிஸின் முதலியன வந்தன. இப்போது நான்கு மருந்துகளைச் சேர்த்து ஆரம்பித்து, நம் தேசத்தில் வழக்கமாகப் பன்னிரண்டு மாதம் வரை சிகிச்சை நடத்துகின்றனர். வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்தும் கூடவே கொடுக்கின்றனர். நீர் தேங்கினால் தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலடியில் மெல்லிய குழாய் வைத்து வடியவிடும் ரண சிகிச்சையும் உண்டு.

இத்தனை மருந்துகள் வந்தபின் நிலைமை என்ன? சென்னையிலேயே இதற்கு விடை இருக்கிறது. சென்னை க்ஷய ஆராய்ச்சி நிலையத்தார் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து 180 குழந்தைகளுக்கு ரிபாம்பிஸின் அடங்கிய சிகிச்சை அளித்து, அதன் பலனை 1986-ல் வெளியிட்டனர். நூற்றுக்கு 27 குழந்தைகள் இறந்துபோயின. 39 குழந்தைகள் பிழைத்தும் நரம்புக் கோளாறு எதையேனும் சுமந்துகொண்டு வீடு திரும்பின. முற்றும் குணமடைந்தவை 34 மட்டுமே. எந்தக் கட்டத்தில் குழந்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டது என்பதைப் பொறுத்தே உயிர் பிழைப்பது பெரிதும் அமைந்திருந்தது. இது நம் ஊரின் ஏழ்மையால் வந்த கணக்கு என்று எண்ண வேண்டாம். பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2014-ல் பிரசுரித்த கணக்கிலும், சிகிச்சை பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 19 பேருக்கு மேல் இறந்திருக்கின்றனர். பிழைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஊனம் தங்கியிருக்கிறது. மருந்து வலுவானதுதான். அது போய்ச் சேரும் நாள்தான் பிந்திவிடுகிறது.

வைத்தியர்களின் சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். பெரியவருக்கு க்ஷயமா என்று அறியச் சளியைப் பரிசோதித்தால் பெரும்பாலும் போதும். சின்னக் குழந்தை சளியைத் துப்புவதில்லை, விழுங்கிவிடுகிறது. நெஞ்சைப் படம் பிடித்தால் பல சமயங்களில் குற்றமின்றித் தெரிகிறது. தோலில் ஊசி குத்திப் பார்க்கும் பரிசோதனையும் மோசம் செய்கிறது. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பதே வழி. அந்த நீரிலும் கிருமிகள் மிகச் சொற்பமாகவே இருக்கும். அவற்றை வளர்த்துப் பார்க்க வாரங்கள் செல்லும். சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் புதிய யந்திரங்கள் வந்திருக்கின்றன. அவை கிருமி உண்டு என்றால் நம்பலாம். இல்லை என்றால் முற்றும் நம்புவதற்கில்லை. ஆகவே அனுபவமுள்ள வைத்தியர் நிரூபணத்துக்காகக் காத்திராமல் ஐயத்தின்பேரிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார். முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று நம் ஜனங்களுக்குள் ஒரு பயம் பரவியிருக்கிறது. இந்தப் பயத்தினால் கையெழுத்திட மறுத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் தகப்பனாரும் உண்டு. கால் விளங்காமற் போவது வியாதியினாலேயே தவிர ஊசியினாலன்று.

நிற்க. வருமுன் காப்பதற்கு என்ன உளது என்று பார்ப்போம். இவ்விடத்தில் நம் நாட்டின் பொதுவாழ்வில் நடந்த ஒரு பெரிய விவாதத்தை நினைவுகூராமல் இருக்க முடியாது.

பி.ஸி.ஜி. என்ற தடுப்பூசியைக் கால்மெட், கேரான் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் பதின்மூன்று வருஷம் பாடுபட்டு ஆக்கினார்கள். மாட்டுக்கு வரும் க்ஷயக் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் விஷத்தைத் தணித்தார்கள். 1921-ல் முதன்முதலாக ஒரு சிசுவுக்கு அது கொடுக்கப்பட்டது. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில், தடுப்பு மருந்தோடு விஷக் கிருமி கலந்துவிட்டதால் எழுபதுக்கும் மேற்பட்ட சிசுக்கள் மாண்டன. குற்றம் மருந்துடையதன்று, அதைத் தயாரித்த இடத்துடையது என்று பிறகு தீர்மானமாயிற்று. ஆனாலும் பயம் நீங்கவில்லை. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், சென்னை கிண்டியில் இந்த மருந்தைத் தயாரிக்க நம் சர்க்கார் சாலை அமைத்தது. தேசம் முழுவதும் ஊசி போடும் இயக்கம் விரிந்தது.

1955-ல் ராஜாஜி இந்த இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான லட்சோபலட்சம் குழந்தைகளின் தேகத்தில் புகுத்துவது தகாது, அதன் பலனும் ஐயத்துக்கிடமானது என்று அவர் வாதித்தார். அப்போது மத்திய சுகாதார மந்திரியாயிருந்தவர் ராஜகுமாரி அம்ருத் கௌர். சர்க்கார் தன் கொள்கையிலிருந்து பின்வாங்கவில்லை. அன்று ராஜாஜியை விஞ்ஞானத்தின் பகைவர் என்று தூற்றியோர் உண்டு. சர்க்காரை அந்நியரின் கைப்பாவை என்று தூற்றியோரும் உண்டு. உண்மை எங்கே இருந்தது என்பது பின்னரே தெரிந்தது. அதுவும் நம் செங்கற்பட்டு ஜில்லாவிலேயே தெரிந்தது.

இங்கிலாந்தில் நடத்திய பரிசோதனையில் பி.ஸி.ஜி. நன்கு பலித்தது, அமெரிக்காவின் தென் பகுதியில் நடத்தியதில் பலன் அற்பமாயிருந்தது. இதைத் தீர்த்துவிடுவதற்காக 1968-ம் வருஷத்தில் திருவள்ளூரை மையமாகக் கொண்டு உலகிலேயே மிகப்பெரிய பரிசோதனை தொடங்கப்பட்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து ஜனங்கள் அதில் சேர்ந்தனர். சிலருக்கு உண்மையான ஊசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. எவருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979-ல் ஏழரை வருஷத்துக் கணக்கு வெளியாயிற்று. நெஞ்சு க்ஷயம் வராமல் தடுக்க அந்த ஊசி உதவவில்லை என்று அது கூறிற்று. உலகமே திடுக்கிட்டது. பதினைந்து வருஷம் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியிட்ட முடிவும் அதையே உறுதிப்படுத்தியது. இந்த அளவில் ராஜாஜியின் ஐயம் நியாயமானதே என்று ஒப்புக்கொள்வதில் நமக்குக் கூச்சமில்லை.

ஆனால் அத்துடன் கதை முடியவில்லை. செங்கற்பட்டுப் பரிசோதனை கேட்ட கேள்வி ஒன்று. குழந்தைகளின் தாய்மார் கேட்கும் கேள்வி வேறொன்று. சளியில் கிருமி வெளிப்படும் நெஞ்சு க்ஷயத்தையே அங்கு எண்ணினார்கள். சிசுக்களின் மூளைச்சவ்வு க்ஷயத்தை அளப்பதற்கு அது ஏற்பட்டதன்று. அதைத் தனியே அளந்த ஆராய்ச்சிகள் பல தேசங்களில் நடந்தன. பிறந்தவுடன் போடப்படும் ஊசி, மூளைச்சவ்வு க்ஷயத்தையும் தேகமெங்கும் பரவும் க்ஷயத்தையும் நான்கில் மூன்று பங்கு அளவுக்குத் தடுக்கிறது என்று அவை காட்டின. 2002-ம் வருஷத்தில் உலகில் சுமார் பத்துக் கோடி சிசுக்களுக்குப் போடப்பட்ட ஊசியினால், அவர்கள் ஐந்து வயதை அடைவதற்குள் வந்திருக்கக்கூடிய மூளைச்சவ்வு க்ஷயங்களில் சுமார் 30,000 தவிர்க்கப்பட்டன என்று 2006-ல் அறிஞர்கள் கணக்கிட்டனர். ஆகவே ஊருக்குள் க்ஷயத்தை ஒழிக்க அந்த ஊசி பயன்படாது. தொட்டிலில் உள்ள குழந்தையின் மூளையைக் காக்கப் பயன்படும். பெரியதொரு வாக்குறுதி பொய்த்தது; யாரும் உரக்கக் கூறாத சிறியதொரு பலன் மெய்யாயிற்று. விவாதத்தின் சூட்டில் இரு கட்சியாரும் இந்த வேற்றுமையைக் கண்டிலர். இன்றும் தோளில் தழும்பு இருக்கிறதே, என் பிள்ளைக்கு க்ஷயம் வராது என்று நம்புவோர் ஒருபுறம். அந்த ஊசியால் பயனில்லை என்று செங்கற்பட்டைக் காட்டுவோர் மறுபுறம். இருவரும் தவறு செய்கின்றனர். நான்கில் ஒரு பங்கு அபாயம் தழும்புள்ள குழந்தைக்கும் எஞ்சியிருக்கிறது என்பதை வைத்தியர்களும் மறத்தலாகாது.

இடையில் ஒரு வார்த்தை. இந்த மருந்தை ஆக்கிய கிண்டிச் சாலையின் அனுமதியை, நவீன தரவிதிகளுக்கு ஒத்ததாயில்லை என்று 2008-ம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் நிறுத்திவைத்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கும் கசௌலி நிலையத்துக்கும் அதே கதி. 2010-ல் அந்த உத்தரவு ரத்தாயிற்று. தரம் வேண்டியதுதான், குறையிருந்தால் பணம் கொடுத்துத் திருத்தியிருக்கலாம். பழுதான கிணற்றைத் தூர் வாராமல் மூடிவிட்டு, விலைக்குத் தண்ணீர் வாங்கும் குடித்தனத்தை யார் மெச்சுவார்கள்?

இனி மூல காரணத்துக்கு வருவோம். குழந்தை பிறருக்கு க்ஷயத்தைக் கொடுப்பது அரிது. பெரியவரிடமிருந்து வாங்குவதே வழக்கம். குழந்தைக்கு மூளைச்சவ்வு க்ஷயம் என்று கண்டால், அந்த வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒருவர் இருமிக்கொண்டிருக்கிறார் என்பது பெரும்பாலும் திண்ணம். அவர் தகப்பனாராயிருக்கலாம், பேரனை மடியில் வைத்துக் கதை சொல்லும் தாத்தாவாயிருக்கலாம், பாலூட்டும் தாயாகவேயிருக்கலாம். நம் வீடுகளில் அன்பு மிகுந்தவரே குழந்தையின் முகத்தருகே இருமுகிறவராகவும் இருப்பது பரிதாபம்.

இவ்விஷயத்தில் சென்னை உலகுக்கே ஒரு பாடம் புகட்டியிருக்கிறது. 1956-ல் சென்னையில் ஏற்பட்ட க்ஷய சிகிச்சை நிலையத்தார், நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றப் பகுதியினரை அவரவர் குடிசையிலும் வைத்துச் சிகிச்சை செய்தனர். 1959-ல் பலன் வெளியாயிற்று. குடிசையில் இருந்தவர்களும் சானடோரியத்தில் நல்ல உணவோடு இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே குணமடைந்தனர். இன்னொன்றும் தெரிந்தது: நோயாளி வீட்டிலேயே இருந்ததனால் அவர் வீட்டாருக்கு வியாதி அதிகமாகத் தொற்றவில்லை. காரணம் எளிது. மருந்து தொடங்கிய பின் கிருமி விரைவில் அடங்கிவிடுகிறது. வீட்டாருக்குத் தொற்ற வேண்டியது, வியாதி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றியாகிவிடுகிறது. முதல் பாதியை உலகம் உடனே பற்றிக்கொண்டது; சானடோரியங்கள் காலியாயின. இரண்டாம் பாதியை நாம் பற்றிக்கொண்டோமா?

பெரியவருக்கு க்ஷயம் என்று முடிவான அன்றே, அந்த வீட்டுக் குழந்தைகளுள் சிலருக்குக் கிருமி ஏற்கெனவே தொற்றியிருக்கும் என்பதுதான் அதன் பொருள். மருந்துகள் இல்லாத காலத்தில் கவனித்துக் குறித்த கணக்குப்படி, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கிருமி தொற்றினால், நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு மூளைச்சவ்வு க்ஷயமோ தேகம் முழுதும் பரவும் க்ஷயமோ உண்டாயிற்று. அந்தக் குழந்தை அன்று நன்றாகத்தான் இருக்கும், சிரித்து விளையாடும். அதற்கு ஆறு மாதம் தினந்தோறும் ஐசோநியஸைட் கொடுத்தால் உறங்கும் கிருமி விழிக்காமலே ஒடுங்கிவிடும். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் ஒருமுறை வீதம் மூன்றே மாதத்தில் முடியும் மருந்தும் வந்திருக்கிறது. இந்த மாத்திரை பல வருஷங்களாகவே சர்க்கார் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. 2021-ல் வெளியான விதிகளின்படி, வீட்டிலுள்ள எல்லா வயதினருக்கும் விரிக்கப்பட்டிருக்கிறது. காகிதத்தில் குறையொன்றுமில்லை.

நடைமுறையில் என்ன நிகழ்கிறது? சுகாதார ஊழியர் நோயாளியின் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறார். நோயாளியின் கைக்குழந்தையைப் பற்றிக் கேட்க மறக்கிறார், அல்லது கேட்க அவருக்கு நேரம் இருப்பதில்லை. வியாதியில்லாத குழந்தைக்கு மருந்து எதற்கு என்கிறார் மாமியார். இரண்டு மாதம் கொடுத்த தாய், குழந்தை ஒருமுறை வாந்தி எடுத்ததும் நிறுத்திவிடுகிறாள். வீட்டில் க்ஷயம் என்பது வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்ற அச்சத்தால், ஊழியரை வாசலிலேயே நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு. பொதுக்கூட்டத்துக்கு வீடு வீடாகச் சென்று ஆள் திரட்டத் தெரிந்த நம் தொண்டர்கள், இத்தகைய வீட்டின் திண்ணையில் அரைமணி நேரம் அமர்ந்து பேசினால் அந்த வாசல் திறக்கும். டாக்டர் சொன்னால் கேளாதவர், வார்டு காரியதரிசி சொன்னால் கேட்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

உணவின் விஷயமும் இருக்கிறது. இதில் ராஜாஜியின் காலத்து விவாதம் வேறொரு வடிவில் திரும்பி வருகிறது; ஊசியா, சோறா என்று அன்றே பலர் கேட்டனர். ஜார்க்கண்டு ராஜ்யத்தில் க்ஷய நோயாளிகளின் வீட்டார் 10,345 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. நோயாளிக்கு மட்டுமின்றி வீட்டாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் முதலிய உணவுப் பொருள்கள் கொடுத்த குடும்பங்களில், புதிதாக க்ஷயம் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. இவ்வளவு மலிவான மருந்து வேறு எது? நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2018-ல் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக்கப்பட்டது. நல்லதே. ஆனால் அது நோயாளியின் பெயருக்கு வருகிறது. அதே பானையில் உண்ணும் குழந்தையின் பெயருக்கு எதுவும் வருவதில்லை.

2025-ம் வருஷத்துக்குள் க்ஷயத்தை நம் தேசத்திலிருந்து ஒழித்துவிடுவோம் என்று 2018-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் டில்லியில் பிரதம மந்திரி பிரகடனம் செய்தார். 2015-ல் லட்சம் பேருக்கு 237 ஆயிருந்த வியாதி, 2024-ல் 187-ஆகக் குறைந்திருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. குறைந்தது உண்மை, பாராட்டுகிறோம். ஒழியவில்லை என்பதும் உண்மை. நூற்றெண்பத்தேழு என்னும் இத்தொகை பெரிதும் பெரியவர்களின் கணக்கு. மூளைச்சவ்வு க்ஷயம் கண்ட குழந்தைகள் அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதியே. எண்ணிக்கை சிறிதாயிருப்பதால் கவனமும் சிறிதாகிவிடுகிறது. அவர்கள் சளியில் கிருமி இல்லை, பிறருக்குப் பரப்புவதும் இல்லை. ஆகவே வியாதியைத் தடுத்து நிறுத்தும் போர்த்திட்டத்தில் அவர்கள் முக்கியமானவர்களல்லர் என்ற எண்ணம், வாய்விட்டுச் சொல்லப்படாமலே அதிகாரிகளின் மனத்தில் குடிகொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு சாட்சியைக் காட்டி முடிக்கிறோம். க்ஷய நோயாளி ஒவ்வொருவரின் சிகிச்சையும் எவ்வாறு முடிந்தது என்று பதிவேட்டில் குறிக்கப்படுகிறது. குணமடைந்தார், சிகிச்சையை முடித்தார், சிகிச்சை பலிக்கவில்லை, இடையில் விட்டுவிட்டார், இறந்தார் என்று தனித்தனி இனங்கள் உண்டு. பன்னிரண்டு மாதம் தவறாமல் மருந்து உண்ட நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு வலது கையும் காலும் விளங்கவில்லை. ஒரு கண் தெரியவில்லை. வியாதிக்கு முன் பேசிய பேச்சும் திரும்பவில்லை. அவள் பெயருக்கு நேரே 'சிகிச்சையை முடித்தார்' என்று எழுதி, வெற்றியடைந்தவர்களின் தொகையில் ஒன்றைக் கூட்டுகிறார்கள். மறுநாள் முதல் அந்தக் குடும்பத்தைத் தேடி ஒருவரும் வருவதில்லை. கைகாலுக்குப் பயிற்சி கொடுப்பவர் எங்கே இருக்கிறார், காது கேட்கிறதா என்று எங்கே பார்ப்பது, எந்தப் பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவள் தகப்பனார் தாமே அலைந்து அறிய வேண்டியவை. பதிவேட்டில் இன்னுமோர் இனம் சேர்க்கும்படி சுகாதார இலாகாவைக் கேட்கிறோம்: பிழைத்த குழந்தைக்கு என்ன ஊனம் எஞ்சியது, அதற்கு யார் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று எழுத ஓரிடம். அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் இதுபற்றிக் கேள்வி கேட்க அங்கத்தினர் எவரேனும் முன்வருவாரா?